நற்கிரியையும் கீழ்ப்படிதலும்: யாழ்ப்பாணக் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கத்தோலிக்கப் பங்குகளிலும், தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளிலும், புதிதாக எழுந்த சுயாதீன சபைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. சபைகளுக்கிடையே போதனை வேறுபடும் இடங்களை அந்தந்தப் பதிலில் சொல்லியிருக்கிறோம்.

இரட்சிப்பு கிருபையினால் என்றால் நற்கிரியை எதற்கு?

எபேசியர் 2ஆம் அதிகாரத்தை 9ஆம் வசனத்தோடு மூடிவிடுவதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்” என்பது 8ஆம் வசனம். ஒருவரும் பெருமைபாராட்ட இடமில்லை என்பது 9. நாம் நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே கிறிஸ்துவுக்குள் படைக்கப்பட்டோம், அவற்றைத் தேவன் முன்னமே ஆயத்தம்பண்ணி வைத்திருக்கிறார் என்பது 10. மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்தால் ஒழுங்கு தெளிவாகும்: கிருபை முந்தியது, அதைப் பற்றிக்கொள்வது விசுவாசம், அதிலிருந்து பிறப்பது கிரியை. தீத்து 3ஆம் அதிகாரத்திலும் 5ஆம் வசனத்தையும் 8ஆம் வசனத்தையும் இப்படியே சேர்த்து வாசிக்கவேண்டும்.

நல்ல மரம் நல்ல கனி கொடுக்கும் என்று இயேசு சொன்னதை (மத்தேயு 7:17) எங்கள் வளவுக்குள் வைத்துப் பாருங்கள். காய்ப்பதால் ஒரு மாமரம் கறுத்தக்கொழும்பான் என்ற நல்ல சாதி மாமரமாக ஆகிவிடுவதில்லை. அது கறுத்தக்கொழும்பான் என்பதால் அந்தப் பழத்தைக் கொடுக்கிறது. ஆனால் வருடக்கணக்காக ஒரு பிஞ்சுகூடப் பிடிக்காத மரத்தைப் பார்த்து, வேரில் ஏதோ கோளாறு என்று வீட்டுக்காரர் யோசிப்பது நியாயம்தானே.

பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா?

ரோமர் 3:28 கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினால் நீதிமானாவதைச் சொல்கிறது. யாக்கோபு 2:24 விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறது. இரண்டு பேரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள், ஆனால் அவருடைய வாழ்வின் வெவ்வேறு இடங்களிலிருந்து. பவுல் எடுப்பது ஆதியாகமம் 15ஐ. வானத்து நட்சத்திரங்களைக் காட்டித் தேவன் கொடுத்த வாக்கை அவர் நம்பிய நேரம் அது. யாக்கோபு எடுப்பது ஆதியாகமம் 22ஐ. அந்த வாக்கினால் பிறந்த ஈசாக்கு வளர்ந்த பிறகு, அவனைப் பலியிடக் கேட்கப்பட்ட நேரம். நம்பிக்கை முதலில் வந்தது, அது மெய்யானதென்று பல வருடங்களுக்குப் பிறகு வெளிப்பட்டது.

எதிரில் இருந்தவர்களும் வேறு. விருத்தசேதனம் செய்தால்தான் தேவன் ஏற்பார் என்றவர்களுக்குப் பவுல் பதில் சொல்கிறார். உடுப்பும் சாப்பாடும் இல்லாத சகோதரனைப் பார்த்து “சமாதானத்தோடே போங்கள்” என்று வாயால் மட்டும் வழியனுப்பியவர்களை யாக்கோபு கண்டிக்கிறார். அன்பினால் கிரியைசெய்யும் விசுவாசமே உதவும் என்று கலாத்தியர் 5:6 இல் எழுதியவரும் பவுல்தான்.

மார்ட்டின் லூதர் 1522 இல் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதியதைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அதே ஆண்டில் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்றும் அவர் எழுதினார். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இந்த விடயத்தில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இன்னும் பிரிந்திருக்கிறார்களா?

முன்புபோல் இல்லை. லூத்தரன் சபையின் 1530ஆம் ஆண்டு ஒக்ஸ்பேர்க் அறிக்கை, விசுவாசம் நற்கனிகளைக் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. கத்தோலிக்கரின் திரிதெந்து சங்கம் 1547 இல், நீதிமானாக்கப்படுவதற்கு முன்னான எந்தக் கிரியையும் அந்தக் கிருபையைச் சம்பாதிக்காது என்று தெளிவாகச் சொன்னது. 1999 ஒக்ரோபர் 31 இல் இரு தரப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய ஒரு கூட்டுப் பிரகடனத்தில் ஒப்பமிட்டன. மெதடிஸ்தர் 2006 இலும் சீர்திருத்த சபைகள் 2017 இலும் சேர்ந்துகொண்டார்கள். நற்கிரியையின் பலனைப் பற்றிப் பேசும் விதத்தில் இன்னும் வேறுபாடு உண்டு. கலப்புத் திருமணம் செய்த வீட்டில் இதற்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

கடைசி நேரத்தில் மனந்திரும்பியவருக்குக் கிரியை செய்ய நேரமே இல்லையே?

சிலுவையில் தொங்கிய கள்வனை (லூக்கா 23) நினைத்துக் கேட்கப்படும் கேள்வி. அவருக்குப் பரதீசு வாக்களிக்கப்பட்டது. அவகாசமில்லாதவரிடம் கனி கேட்கப்படுவதில்லை. ஆனாலும் இருந்த சில மணி நேரத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தன் தண்டனை நியாயமென்றார், குற்றமற்றவருக்காகப் பேசினார். முப்பது வருடம் சுகமாக வாழ்ந்துகொண்டு அவரை உதாரணம் காட்டுபவர் அவற்றையும் சேர்த்துக் காட்டவேண்டும்.

எங்கே தொடங்குவது? தர்மம், உபவாசம், காணிக்கை, ஊழியம்: எது முதலில்?

கடன் முதலில், தானம் பிறகு. இந்தப் பக்கத்தில் ஒரு விடயத்தை மட்டும் மனதில் வைத்திருப்பீர்கள் என்றால் இதை வைத்திருங்கள்.

சவுல் அரசனின் கதையைக் கவனியுங்கள் (1 சாமுவேல் 15). விட்டுவைக்கக்கூடாதென்று சொல்லப்பட்ட ஆடுமாடுகளில் நல்லவற்றை அவர் தப்பவைத்தார். பிறகு அவை கர்த்தருக்குப் பலியிடத்தான் என்றார். அதற்குத்தான் சாமுவேல், “பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்” என்றார். காணிக்கையில் குறை இருக்கவில்லை. கையில் இருக்கவே கூடாத பொருள் பலிபீடத்துக்கு வந்ததுதான் பிரச்சினை.

இயேசுவும் இதையே போதித்தார். பீடத்துக்கு முன் நிற்கும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொன்னார் (மத்தேயு 5:23, 24). பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் “கொர்பான்” என்று கோயிலுக்கு நேர்ந்துவிட்டவர்களை மாற்கு 7 இல் கடிந்துகொண்டார்.

ஆகவே ஒழுங்கு இது: உழைத்தவருக்குக் கூலி, வாங்கிய கடன், எடுத்த பொருள், வயதான பெற்றோரின் மருந்தும் சாப்பாடும். இவற்றுக்குப் பிறகு காணிக்கையும் தர்மமும். பெருநாளுக்குப் பந்தல் போட நிறையக் கொடுத்தவர் வீட்டில், தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிய பெண்ணுக்கு மூன்று கிழமைக் கூலி நிலுவையில் இருந்தால், அந்தப் பந்தலின் ஒரு பகுதி அந்தப் பெண்ணுடையது. யாக்கோபு 5:4 சொல்வது இதைத்தான்: பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது.

கடையோ நிறுவனமோ நடத்துகிறேன். என் கீழ்ப்படிதல் எப்படித் தெரியவேண்டும்?

முதலில் சம்பளப் புத்தகத்தில். இலங்கைச் சட்டப்படி ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டவேண்டும்: ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தன் பக்கத்தில் இன்னும் 3 வீதம். 40,000 ரூபா சம்பளமென்றால் ஊழியரிடமிருந்து கழிப்பது 3,200. முதலாளி போடுவது 4,800 உம் 1,200 உம், சேர்த்து 6,000 ரூபா.

இதில் மூன்று பிழைகள் நடக்கின்றன. ஊழியரின் 3,200 ரூபாவைக் கழித்துவிட்டுக் கட்டாமல் விடுவது முதலாவது. அது தாமதம் அல்ல, களவு. சம்பளத்தின் ஒரு பகுதியை வேறு பெயரில் கொடுத்து நிதிக்கான கணக்கைக் குறைப்பது இரண்டாவது. மூன்றாவது, “அந்தப் பிள்ளை எங்கட சபைப் பிள்ளைதானே, சொல்லமாட்டாள்” என்ற துணிவு. விசுவாசத்தின் பெயரால் ஒருவருடைய வாயை அடைப்பது கூலியைப் பிடித்துவைப்பதைவிடவும் மோசம்.

நத்தார் நேரத்தில் கேக்கும் உடுப்பும் கொடுப்பது நல்லதுதான். நிலுவையைத் தீர்த்த பிறகு கொடுங்கள்.

தசமபாகம் கட்டாயமா?

புதிய ஏற்பாடு விழுக்காடு வைக்கவில்லை. உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார் என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், திருச்சபையின் தேவைகளுக்கு உதவும் கடமையைச் சொல்கிறது, பத்திலொன்று கேட்கவில்லை. பல சுயாதீன சபைகள் மல்கியா 3:10ஐக் காட்டிப் பத்து வீதம் கேட்கின்றன. மனமுவந்து கொடுப்பவருக்கு அது நல்ல அளவுதான். ஆனால் மத்தேயு 23:23ஐயும் வாசியுங்கள்: ஒற்தலாமிலும் சீரகத்திலும் பத்திலொன்று கொடுத்தவர்கள் நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டார்கள்.

கணக்குப் போடும்போது ஒன்று. கனடாவிலிருந்து தங்கச்சி அம்மாவின் சத்திரசிகிச்சைக்கு அனுப்பிய காசு உங்கள் வருமானம் அல்ல. அதிலிருந்து பத்திலொன்று எடுக்க உங்களுக்கு உரிமையில்லை. நுண்கடன் நிறுவனத்துக்குக் கிழமைத் தவணை கட்ட முடியாமல் இன்னொரு இடத்தில் வட்டிக்கு வாங்கும் குடும்பத்திடம் “விதை விதைத்தால் பெருகும்” என்று சொல்லிக் காசு வாங்குவது போதனையல்ல, சுரண்டல். அந்தக் குடும்பத்துக்குச் சபைதான் கொடுக்கவேண்டும்.

இடப்பெயர்வுக் காலத்தில் ஆளில்லாத வீட்டிலிருந்து எடுத்த சாமான்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தில் இது பலர் மனதிலிருக்கும் கேள்வி, சிலர் மட்டுமே வாய்திறந்து கேட்கும் கேள்வி. 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோதும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே எழும்பி நடந்தபோதும் வீடுகள் திறந்து கிடந்தன. கதவு, நிலை, ஓடு, தையல் மெசின், சைக்கிள், பாத்திரம் கைமாறின.

முதலில் ஒரு வேறுபாடு. உயிர்தப்ப எடுத்ததும் உடைமையாக்க எடுத்ததும் ஒன்றல்ல. பிள்ளைகள் பட்டினி கிடந்தபோது எடுத்த அரிசி, பங்கருக்கு மேலே போட எடுத்த தீராந்தி, இவற்றைத் திருச்சபையின் ஒழுக்கப் போதனை களவாகக் கணிப்பதில்லை. உணவு, உறையுள் போன்ற உடனடித் தேவைக்கு வேறு வழியே இல்லாதபோது அடுத்தவர் பொருளைப் பயன்படுத்தலாம் என்று கத்தோலிக்க மறைக்கல்வி வெளிப்படையாகச் சொல்கிறது. மற்றவை திருப்பிக் கொடுக்கப்படவேண்டும். வழி இது.

எடுத்தது என்ன, எந்த வீட்டிலிருந்து என்று ஒரு தாளில் எழுதுங்கள். மனதுக்குள் மட்டும் வைத்தால் பட்டியல் வருடத்துக்கு வருடம் சுருங்கும். பிறகு பெறுமதி போடுங்கள், அன்றைய விலையில் அல்ல, அதே பொருளை இன்று வாங்க என்ன செலவாகும் என்று. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்திலொரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது: 50,000 ரூபாப் பொருளுக்கு 60,000. கிறிஸ்தவரை அது சட்டமாகக் கட்டாது, ஆனாலும் நல்ல அளவுகோல். நாலத்தனை திருப்புவேன் என்று சகேயு சொன்னது (லூக்கா 19:8) அதையும் தாண்டியது.

அடுத்து உரிமையாளரைத் தேடுங்கள். அயலவர், உறவினர், கிராம அலுவலர் வழியாக விசாரிக்கலாம். முஸ்லிம் குடும்பமென்றால் யாழ்ப்பாணத்துப் பள்ளிவாசலில் கேட்கலாம். பலர் புத்தளம் பக்கம் குடியேறினார்கள். உரிமையாளர் இறந்திருந்தால் பிள்ளைகளுக்குச் சேரவேண்டும். எவருமே கிடைக்காவிட்டால் மட்டும் ஏழைகளுக்கு. அதை உங்கள் கோயில் திருத்த வேலைக்குக் கொடுத்துக் கல்வெட்டில் பெயர் போடவேண்டாம்.

நேரில் போக முடியாதவர் வேறொருவர் கையில் கொடுத்தனுப்பலாம். கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லிவிட்டு, பெயர் வெளியே வராமல் கொண்டுசேர்க்கும்படி சுவாமியைக் கேட்கலாம். அவர் அந்த இரகசியத்தை எந்த நிலையிலும் காக்கக் கடமைப்பட்டவர். மற்றச் சபைகளில் நம்பிக்கையான போதகர் ஒருவரைப் பாருங்கள், பேச்சு வெளியே போகாதென்று முதலே உறுதிசெய்துகொண்டு.

இந்த முயற்சி எங்கே பிழைக்கிறதென்றால், “எங்கட வீட்டிலும்தானே எடுத்தாங்கள்” என்று கணக்கை நேர்செய்யும் இடத்தில். உங்கள் வீட்டில் எடுத்தவரும் இந்தப் பொருளின் உரிமையாளரும் ஒருவரல்ல. இன்னொரு பிழை, போன இடத்தில் நீண்ட விளக்கம் கொடுத்துவிட்டு, “மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ” என்று அவர்களை நெருக்குவது. பொருளைக் கொடுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், எழும்பி வாருங்கள். மன்னிப்பது அவர்களுடைய நேரத்தில் நடக்கும்.

உதவி செய்யும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

மத்தேயு 25இலும் திருச்சபை மரபிலும் இருந்து வரும் இரக்கச் செயல்கள் ஏழு: பசித்தவருக்கு உணவு, தாகமுள்ளவருக்குத் தண்ணீர், உடையற்றவருக்கு உடை, வீடற்றவருக்கு இடம், நோயாளியைப் பார்த்தல், சிறையிலிருப்பவரைப் பார்த்தல், இறந்தவரை அடக்கம்செய்தல். நாங்கள் கடைசியைக் குறைவின்றிச் செய்கிறோம். செத்தவீட்டுக்கு ஊரே வரும். நோயில் கிடந்த ஆறு மாதமும் அந்த வாசலில் செருப்பு இருந்ததா என்பதே கேள்வி.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது பதினைந்து நிமிடம் போதும். வைத்தியசாலையில் பார்வையாளர் நேரத்தை மதியுங்கள். சீனி வருத்தக்காரருக்கு இனிப்புப் பெட்டி கொண்டுபோகவேண்டாம். உடன் நிற்பவருக்கு ஒரு சாப்பாட்டுப் பார்சலும் பஸ் காசும் பெரிய உதவி. செபிக்கலாமா என்று கேட்டுவிட்டுச் செபியுங்கள். சைவ நோயாளி என்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

உலர் உணவு கொடுத்து வரிசையில் நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போடும் பழக்கத்தை நிறுத்தவேண்டும். கொடுக்கிறதை இடதுகை அறியாமல் கொடுக்கச் சொன்ன கட்டளைக்கு (மத்தேயு 6:3) இது நேரெதிர். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவருக்குக் கணக்குக் காட்டவேண்டுமென்றால் பற்றுச்சீட்டையும், பொதிகள் அடுக்கியிருக்கும் படத்தையும் அனுப்பலாம். வாங்குபவரின் முகம் கணக்குக்குத் தேவையில்லை. அந்த முகத்தை நாளைக்கு அவருடைய மகளின் வகுப்புத் தோழி பார்ப்பாள்.

உதவிசெய்து ஆட்களைச் சபைக்குச் சேர்க்கலாமா?

கூடாது. இதில் யாழ்ப்பாணத்து வரலாறே பாடம். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், அரச உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டுமென்றும், பள்ளிக்கு வராவிட்டால் தண்டப்பணமென்றும் வைத்தார்கள். இடாப்பில் பெயர்கள் நிறைந்தன. 1795 இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும், கூட்டமும் சில ஆண்டுகளில் கரைந்தது.

அதே ஒல்லாந்தர் காலத்தில், கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்தபோது, 1687 இல் யாழ்ப்பாணம் வந்து மறைவாகப் பணிசெய்தவர் புனித யோசப் வாஸ். 1697 இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, மற்றவர்கள் விட்டு ஓடிய நோயாளிகளைச் சமயம் பாராமல் பராமரித்தார். 1847 இல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்தத் தமிழ் நூல்களின் பயன் கிறிஸ்தவர்களோடு நின்றுவிடவில்லை. நல்ல சமாரியன் அடிபட்டவனுடைய காயத்தைக் கட்டினான், அவனுடைய சமயத்தைக் கேட்கவில்லை.

கீழ்ப்படிதல் யாருக்கு, எதுவரைக்கும்?

தேவனுக்கு முழுமையாக. மற்ற எல்லாருக்கும் அதற்குட்பட்டு. மனுஷருக்குக் கீழ்ப்படிவதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியமென்று பேதுருவும் அப்போஸ்தலரும் ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 5:29).

பெற்றோருக்குக் “கர்த்தருக்குள்” கீழ்ப்படியும்படி எபேசியர் 6:1 சொல்கிறது. நாலு வசனத்துக்குள்ளேயே, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருக்கும்படி தகப்பன்மாருக்கும் சொல்லிவிடுகிறது. சீதனம் போதாதென்றோ சாதி வேறென்றோ திருமணத்தை மறிக்கும் பெற்றோர், நாலாம் கற்பனை என்றும் ஐந்தாம் கற்பனை என்றும் அவரவர் சபைக் கணக்கில் எண்ணும் அந்தக் கற்பனையை ஆயுதமாக எடுக்கமுடியாது. பிள்ளை மரியாதையோடு மறுக்கலாம். மறுத்த பிறகும் பெற்றோரைப் பார்க்கும் கடமை அப்படியே இருக்கும்.

போதகருக்கும் எல்லை உண்டு. மருந்தை நிறுத்தச் சொன்னால், காணி உறுதியைக் கேட்டால், பெண்ணையோ பிள்ளையையோ தனியே வரச்சொல்லி அதை வெளியே சொல்லவேண்டாம் என்றால், அங்கே கீழ்ப்படியாமையே கடமை. இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ “விசுவாசத்தால்” நிறுத்துவது உயிராபத்து. பிள்ளைக்குத் தீங்கு நடந்திருந்தால் சபைக்குள் பேசித்தீர்க்கவேண்டாம். பொலிசுக்கோ, 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கோ உடனே அறிவியுங்கள்.

சபையில் சாதி பார்ப்பது கீழ்ப்படியாமையா, ஊர் வழக்கமா?

கீழ்ப்படியாமை. யாக்கோபு 2ஆம் அதிகாரம் தொடங்குவதே ஆசனத்தில்தான்: பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் கால்படியண்டை. “செத்த விசுவாசம்” பற்றிய வசனம் அதே அதிகாரத்தில் பிறகு வருகிறது. யாழ்ப்பாணப் பாடசாலைகளில் சம ஆசனத்துக்காகவும் சம போசனத்துக்காகவும் 1920களில் போராடவேண்டியிருந்தது, மிசன் பாடசாலைகளும் அதற்கு விலக்கல்ல. இன்று வாங்குகள் எல்லாருக்கும் பொது. சேமக்காலையில் யாருக்கு எந்த மூலை, பெருநாளில் சுருவம் தூக்குவது யார், சபைக் குழுவுக்குத் தெரிவாவது யார் என்று பாருங்கள். அங்கே மிச்சம் இருந்தால் அதைத்தான் முதலில் மாற்றவேண்டும்.

மடு மாதா கோயிலுக்கு நடந்துவருவதாக நேர்த்தி வைத்தேன், இப்போது முழங்கால் வருத்தம். பாவமா?

இல்லை. கத்தோலிக்கச் சட்டப்படி தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரமுண்டு. அதைவிட மேலான அல்லது சமமான நன்மையாக நீங்களே மாற்றியும் கொள்ளலாம். பஸ்சில் போய் ஆவணித் திருவிழாவில் பூசை காணலாம். சுவாமியிடம் ஒருமுறை கதைத்துவிட்டால் மனக்குழப்பம் இருக்காது.

திருப்பிக் கொடுக்கவேண்டியது பெரிது, வசதியில்லை. அதுவரை நற்கருணை எடுக்காமல் இருப்பதா?

முடியாதவரிடம் முடியாததை எவரும் கேட்பதில்லை. கொடுக்கும் மனது உறுதியாக இருக்கவேண்டும், இன்று முடிந்த அளவில் தொடங்கவேண்டும். மூன்று இலட்சம் ரூபாக் கடனுக்கு மாதம் 5,000 வைத்தால் ஐந்து வருடத்தில் முடியும். உரியவரிடம் போய்த் தவணையைச் சொல்லுங்கள், ஒரு கொப்பியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு மாதம் தவறினால் திகதிக்கு முன்னமே போய்ச் சொல்லுங்கள். வீட்டிலும் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும், நீங்கள் இல்லாமல் போனாலும் மிச்சத்தைக் கட்டுவதற்கு.